முப்பத்தெட்டாம் அளவுச் சப்பாத்து

என் தங்கச்சியின் கால் அளவு முப்பத்தெட்டு என்றுதான் நான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் கேட்டு அறிந்ததல்ல அது. என் கால் அளவு முப்பத்தெட்டு. ஆகவே அவளுக்கும் அதுதான்.

எங்களுக்குள் இரண்டு வயது வித்தியாசம். அவள் என் உயரத்துக்கு வந்த பிறகு எங்கள் இருவருக்கும் எல்லா உடுப்பும் ஒரே அளவாகிவிட்டது. இது அக்காவுடைய சட்டை, இது தங்கச்சியுடைய சட்டை என்ற பிரிவு வீட்டில் இருந்ததில்லை. கொடியில் காய்ந்ததை முதலில் எடுத்தவள் போட்டுக்கொள்வாள். நல்ல செருப்பு மட்டும் ஒரு சோடிதான் இருந்தது. சண்டையால் பாதை பூட்டியிருந்த வருடங்கள் அவை. சாமான் வருவதே குறைவு. வந்தாலும் செருப்பு கடைசிக் கவலை. இருவரும் சேர்ந்து ரியூசனுக்குப் போனால், போகும்போது ஒருத்தி நல்லதைப் போடுவாள், வரும்போது மற்றவள். சில நாட்களில் நடுவழியிலேயே மாற்றுவோம். எனக்கு வெட்கத்தில் தலை நிமிராது. அவளோ றோட்டுக் கரையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "கெதியாத் தாவன் அக்கா, நிலம் சுடுது" என்று சந்திக்கே கேட்கச் சத்தம் போடுவாள்.

பிறகு கலியாணம் பேசி அவளைப் பிரான்சுக்கு அனுப்பினோம். இருபது வருடத்துக்கு மேல் அவளால் ஊருக்கு வர முடியவில்லை. நான் அம்மாவுடன் வல்வெட்டித்துறை வீட்டில் இருந்துவிட்டேன். சாதாரணதரம் வரை படித்த எனக்குச் சங்கக்கடையில் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் அரிசியும் மாவும் நிறுத்துக் கொடுக்கிறேன். அம்மா போய்ச் சில வருடங்களாகின்றன. அதன் பிறகு வீட்டில் நான் மட்டும்.

வருடத்தில் ஒரு முறையாவது, ஊருக்கு வருகிற யாரேனும் ஒருவரின் பெட்டிக்குள் என் பெயரில் ஒரு பொதி இருக்கும். அவள் அனுப்பும் உடுப்பு. பெரும்பாலும் ரீசேட்டுகள், வீட்டில் போடும் நீளக் காற்சட்டைகள். நெஞ்சின் இடப்பக்கத்தில் ஒரு சின்ன நத்தை தைத்திருக்கும். அந்த நத்தைக் குறி அங்கே பெரிய பெயராம். துணி கைக்கு மெத்தென்று இருக்கும். எத்தனை முறை தோய்த்தாலும் கழுத்து இளகாது. ஒரு நாள் கழுத்துப் பட்டிக்குள் இருந்த துண்டை வாசித்தால், இலங்கையில் தைத்தது என்று போட்டிருந்தது. அதை அவளுக்குப் போனில் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "பார், நீ இருக்கிற நாட்டிலை தைச்சு, கப்பலேறி இஞ்சை வந்து, நான் காசு குடுத்து எடுத்து, திரும்ப உன்னட்டை வருது. எங்களைவிட உந்தச் சட்டைக்குப் போய்வர வழி இருக்கு."

அனுப்பிய சட்டைகள் எல்லாம் எனக்கு அளந்து வைத்ததுபோல இருந்தன. தோள், கை, இடுப்பு எல்லாம் அளவு. அவள் தன் மேலே வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆகவே அவளும் அப்படியே இருக்கிறாள். இதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போனில் கதைக்கும்போது முகம் மட்டும்தான் தெரியும். முகம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. போன் அப்படித்தான் காட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை. ஆட்கள் வீட்டில் இருந்தபடி போனில் ஓடர் செய்யும் உடுப்பையும் சப்பாத்தையும் எடுத்து, பெட்டியில் வைத்து ஒட்டுவது. அங்கேயுள்ளவர்கள் ஒரு சப்பாத்தை மூன்று அளவில் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். "காசு?" என்று கேட்டேன். "திருப்பிக் குடுப்பினம்" என்றாள். எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது.

ஒரு நாள் அவள் சொன்னாள், "நத்தை இப்ப ஒரு நடக்கிற சப்பாத்து விட்டிருக்கு அக்கா. கடல் நீலம். அடி வெள்ளை. பஞ்சு மாதிரி. நாள் முழுக்க அதைத்தான் பெட்டிக்குள்ளை வைக்கிறன்."

"ஒண்டை எடுத்துப் போடன்."

"விலை தெரியுமே உனக்கு? பிள்ளையளுக்கு எடுத்து முடியவே மாசம் முடிஞ்சிடும். மலிவு போடட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிப்பன். மலிவு போடேக்கை வேற செலவொண்டு வந்து நிக்கும்."

அதைச் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் கடல் நீலம் மனதை விட்டுப் போகவில்லை. இத்தனை வருடமும் அவள் தந்தாள், நான் வாங்கினேன். இங்கிருந்து நான் என்ன அனுப்பியிருப்பேன்? மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி. அடுத்த ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிறேன் என்று அவள் ரிக்கற் போட்டுவிட்டுச் சொன்ன அன்றே நான் முடிவு செய்தேன். அவள் இந்த வாசலுக்குள் வந்தவுடன் அந்தச் சப்பாத்தை அவள் முன்னால் வைக்க வேண்டும். சேலை வாங்கிக் கொடுத்தால் அலுமாரிக்குள் போகும். இது அவள் காலில் இருக்கும்.

வாங்குவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டு மருமகள் ஒருத்தி இருக்கிறாள். முப்பது வயது இருக்கும். ஒழுங்கையிலுள்ள பெண்கள் எல்லோருக்கும் போனில் உடுப்பு எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். தனித்தனியாக ஓடர் செய்தால் கொண்டுவந்து தருவதற்கும் காசு. சேர்த்துச் செய்தால் ஒரு தொகைக்கு மேல் அது இலவசம். ஆகவே எல்லோரும் தங்களுக்குப் பிடித்ததை அவளுக்குக் காட்ட, அவள் கூடையில் போட்டு வைப்பாள். தொகை நிரம்பினால் ஓடர் போகும். பொதி வந்த பின்னேரம் அவளுடைய முன்னறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு எல்லோரும் போட்டுப் பார்ப்பார்கள். அளவு பிழைத்தால் கவலை இல்லை. ஒருத்திக்கு இறுக்கினால் அடுத்தவள் எடுத்துக்கொள்வாள்; காசு அங்கேயே கைமாறும். திருப்பி அனுப்பும் வேலையே இல்லை. அதனால் இவர்கள் துணிந்து, திருப்பி எடுக்கமாட்டோம் என்று போட்டிருக்கும் கடைசி மலிவுகளில்தான் வாங்குவார்கள். அங்கேதான் விலை நன்றாக இறங்கியிருக்கும்.

நான் அதுவரை அந்த முன்னறைக்குப் போனதில்லை. கேட்கப் போனபோது, ஒரு சுண்டு பருப்புக் கடன் கேட்டு வந்த ஆளைப் போல வாசலில் நின்றேன்.

"உள்ளை வாங்கோ அன்ரி. என்ன வேணும்?"

"ஒரு சப்பாத்து."

"உங்களுக்கோ?"

"தங்கச்சிக்கு."

நான் போனில் வைத்திருந்த படத்தைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு விசிலடிப்பதுபோல வாயைக் குவித்தாள். "அன்ரி லேசுப்பட்ட ஆளில்லை. இது ஒறிஜினல் நத்தை."

அவளுடைய மாமனார் அந்தக் காலத்தில் சரக்குக் கப்பலில் ஓடியவர். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கேட்டார், "என்ன பிள்ளை, பாரிசிலை இருக்கிறவளுக்கு இஞ்சையிருந்து சப்பாத்தோ? கப்பல் தலைகீழா ஓடுது போல."

"நீங்கள் சும்மா இருங்கோ மாமா. உங்கடை போனைத் தாங்கோ."

புதிதாகச் சேரும் ஆளுக்கு முதல் ஓடரில் கழிவு உண்டு. அவளுடைய போன், கணவனின் போன், மாமியின் போன் எல்லாம் ஏற்கெனவே பழைய வாடிக்கையாளர் ஆகிவிட்டன. மாமனாருடையது மட்டும் மிச்சம் என்று நினைத்தால் அதுவும் போன மாதம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு நாள்தோறும் பெண்கள் சட்டை பற்றிச் செய்தி வருகிறதாம். "உலகம் முழுக்கச் சுத்தினனான்," என்றார் அவர், "ஒரு கடைக்காரனும் என்னை அன்பான வாடிக்கையாளரே எண்டு கூப்பிடேல்லை. இப்ப விடியக்காலமை எழும்பினவுடனை கூப்பிடுகினம்."

"அப்ப அன்ரியின்ரை போன்தான் புதுசு," என்றாள் மருமகள்.

அவளிடம் நான் கற்றுக்கொண்டவை நிறைய. ஒரு சாமானைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் விட்டால், சில நாட்களில் கடையே விலையைக் குறைத்துச் செய்தி அனுப்பும். புதிய நிறம் வந்த மறுமாதம் பழைய நிறம் மலியும். சம்பளம் விழும் கிழமையில் விலை ஏறும். மாதக் கடைசியில் இறங்கும். சில வங்கிகளின் அட்டைக்குச் சில நாட்களில் தனிக் கழிவு. சின்னன், நடுத்தரம், பெரிசு என்று போட்டிருப்பதை நம்பக்கூடாது. கடைக்குக் கடை அது மாறும். கீழே சென்ரிமீற்றரில் அளவு போட்டிருப்பார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். பெரிய பெயரை முன்பின் தெரியாத கடைக்காரர் யாராவது அரை விலைக்கும் கீழே போட்டிருந்தால் அது போலி. "நத்தையின்ரை கொம்பைப் பாருங்கோ அன்ரி," என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "ஒறிஜினலுக்கு ரெண்டு கொம்பும் ஒரே நீளமில்லை. கள்ள நத்தைக்கு ரெண்டும் ஒண்டு."

நான் கடல் நீலத்தைக் கூடையில் போட்டேன். பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே எழுதலாம். சங்கக்கடையில் மா நிறுத்துக்கொண்டிருக்கும்போது சட்டைப்பைக்குள் போன் கிணுங்கும். விலை அசைந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறியதா இறங்கியதா என்று பார்க்க மனம் துடிக்கும். வரிசையில் நிற்கிறவர்கள், "என்ன, ஆரோ விடாமத் தேடுகினம் போல" என்று பகிடி விடுவார்கள். என்னை யாரும் அப்படித் தேடியதில்லை. ஆனாலும் போன் கிணுங்கும்போதெல்லாம் தங்கச்சி வரும் நாள் ஒரு படி கிட்ட வந்தது போலத் தோன்றும். இரவில் படுக்கும் முன் அந்தப் படத்தை ஒரு முறை பார்ப்பேன். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, அடியில் ஒன்று. படத்தில் கால் இல்லாத இடத்தில் அவளுடைய காலை வைத்துப் பார்ப்பேன். மெல்லிய கணுக்கால். பெருவிரலைவிட நீளமான இரண்டாம் விரல்.

யூலை மாதக் கடைசியில் விலை விழுந்தது. பாதிக்கும் கீழே. ஆனால் கீழே சிவப்பில் ஒரு வரி: கடைசி மலிவு, மாற்றவோ திருப்பவோ முடியாது. முப்பத்தெட்டில் ஒரு சோடிதான் மிச்சம்.

மருமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அளவு நிச்சயமோ அன்ரி? திருப்பி எடுக்கிற மாதிரி வேணுமெண்டால் வேற கடையிலை முழு விலைக்குக் கிடக்கு."

முழு விலை என்றால் என் சம்பளத்தில் பாதி போய்விடும்.

"நிச்சயம்," என்றேன்.

"எதுக்கும் ஒரு மெசேச் போட்டுக் கேளுங்கோவன். ஒரு சொல்லுத்தானே."

ஒரு சொல்தான். ஆனால் எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவளுக்கு விளங்கிவிடும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. உன் கால் என்ன அளவு என்று ஊரிலுள்ள எவரிடமும் கேட்கலாம். என் தங்கச்சியிடம் நான் கேட்பதா? அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று ஆகிவிடாதா?

வீட்டுக்கு வந்து ஒரு ஈர்க்கை முறித்து என் காலுக்கு அளவு வைத்தேன். எங்கள் ஊரில் கடைக்குப் போக முடியாதவர்களுக்குச் செருப்பு வாங்க அப்படித்தான் அளவு கொண்டுபோவார்கள். ஈர்க்கை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன். கடையின் அட்டவணையில் முப்பத்தெட்டுக்கு நேரே இருந்த அளவு ஒரு நூலும் பிசகாமல் வந்தது. "ஓடரைப் போடு பிள்ளை," என்று மதிலுக்கு மேலால் சொன்னேன்.

பொதி கொண்டுவருகிற தம்பி போனில் கூப்பிட்டார். தெரியாத ஆளுடன் போனில் கதைப்பது எனக்குப் பெரும் பாடு. "எந்த வீடு அம்மா? வாசிகசாலையடியோ?" என்று அவர் கேட்கக் கேட்க நான் "ஓம், ஓம்" என்றேன். வாசிகசாலையடி இல்லை. அவர் அங்கே போய் நின்று, கடைசியில் மருமகள் சைக்கிளில் போய் வாங்கி வந்தாள்.

கட்டிலில் இருந்து, அடி மண்ணில் படாமல் போட்டுப் பார்த்தேன். அளவு. குதிக்கால் வழுகாமல், விரல் முட்டாமல், அவ்வளவு அளவு. மறுபடி தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

அவள் வந்த வான் விடியற்காலை வாசலில் நின்றது. கணவனும் பிள்ளைகளும் அவருடைய ஊரான சாவகச்சேரியில் இறங்கிவிட்டார்கள். இரண்டு கிழமை என்னுடன் இருந்துவிட்டு அங்கே போவதாக அவள் மட்டும் வந்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். என் கைகள் அவள் முதுகில் ஒன்றையொன்று எட்டவில்லை. "மெலிஞ்சு போனாய் அக்கா," என்றாள். "நீ கனகாலத்துக்குப் பிறகு பாக்கிறாய், அதுதான்," என்றேன்.

பிறகு அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அவளுடைய பெட்டியைத் தூக்கப் போன நான் அந்தச் செருப்பைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். அகலமான தோல் செருப்பு. வார் கடைசித் துளையில் மாட்டியிருந்தது. அதற்கப்பால் இன்னும் ஒரு துளை கையால் குத்தியிருந்தது. பக்கத்தில் கிடந்த என் செருப்பு அதற்குள் அடங்கிவிடும் போல இருந்தது. குதிக்கால் வெளிப்பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. அது யாரோ ஒரு பெரிய பெண்ணின் செருப்பு. வேலை செய்து களைத்த, எனக்கு அறிமுகமில்லாத ஒரு பெண்ணுடையது.

உள்ளேயிருந்து, "அக்கா, தேத்தண்ணி" என்று என் தங்கச்சியின் குரல் கேட்டது.

சப்பாத்துப் பெட்டியை அலுமாரியில் பழைய சேலைகளுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

முதல் மூன்று நாளும் நல்ல நாள்தான். சமைத்தோம், கோயிலுக்குப் போனோம், மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காயைப் பார்த்து அவள் விலை கேளாமல் அள்ளினாள். பின்னேரங்களில் அவள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருப்பாள். கணுக்கால் வீங்கியிருக்கும். நான் பார்க்காதது போல இருப்பேன். நல்லெண்ணெய் சுட வைத்துக் கொண்டுவந்து வைத்தால், "விடு, அது நிண்டு நிண்டு வாறது" என்பாள். பெட்டியைக் கொடுக்கலாமா என்று நினைப்பேன். போட்டுப் பார்த்தால் ஏறாது. ஏறாவிட்டால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. கொடுக்காமல் விட்டால், கொடுக்காமலே போய்விடுவாள். இரண்டும் ஏலாமல் இருந்தது.

நான்காம் நாள் பக்கத்து வீட்டு மருமகள் முருங்கைக்காயுடன் வந்தாள். வந்தவள் தங்கச்சியின் காலைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, சப்பாத்து அளவோ? அன்ரி எத்தினை மாசம் தவங்கிடந்து எடுத்தவ" என்றாள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "என்ன சப்பாத்து?"

நான் முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். அவள் பின்னாலேயே வந்தாள். "அக்கா. என்ன சப்பாத்து?"

அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் தாளை விலக்கினாள். பிறகு நத்தையின் மேல் விரலை வைத்துத் தடவினாள். "கடல் நீலம்," என்றாள்.

கதிரையில் இருந்து ஒரு காலை நுழைத்தாள். விரல்கள் மட்டும் போயின. நாடாவை முழுதும் தளர்த்தித் தள்ளினாள். பாதத்தின் அகலத்தில் நின்றுவிட்டது. மருமகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய மாமியும் எப்போது வந்தாரோ தெரியவில்லை.

"ஏறாது," என்றாள் தங்கச்சி. "எனக்கு நாப்பது அக்கா. ரெண்டாவது பிள்ளையோடை நாப்பதாப் போச்சு. பிறகு அந்த வேலை."

"நீ சொல்லேல்லை."

"நீ கேக்கேல்லை."

"எனக்கு அனுப்பின சட்டையெல்லாம் அளவா இருந்துதே," என்றேன். என் குரல் எனக்கே பிழையாகக் கேட்டது. "உன்னிலை வைச்சுப் பாத்துத்தான் வாங்கினியெண்டு நினைச்சன்."

"என்னிலையோ?" அவள் சிரிக்கத் தொடங்கினாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "என்னிலை வைச்சு எடுத்தா ரெண்டு பேர் போகலாம் அதுக்குள்ளை. நான் உன்னை நினைச்சு வாங்கினனான். கடையிலை சட்டையை ரெண்டு கையாலையும் தோளிலை பிடிச்சுத் தூக்கிப் பாப்பன். நீ நிக்கிற மாதிரி இருக்கும். சரியெண்டு எடுப்பன்."

இருபது வருடத்துக்கு மேலாக அவள் அங்கே ஒரு கடைக்குள் வெறும் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்திருக்கிறாள். நான் இங்கே கட்டிலில் இருந்து வெறும் சப்பாத்துக்குள் அவளைப் பார்த்திருக்கிறேன்.

மாமி வாசலிலிருந்து மெல்லக் கேட்டார், "பிழைச்சதெண்டா, எங்கடை மருமகளுக்கு முப்பத்தெட்டு அளவாத்தான் இருக்கும். ஒழுங்கை வழக்கப்படி காசை இப்பவே தாறம்."

அது நியாயம்தான். அப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள். நான் "ஓம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லை மாமி," என்றாள் தங்கச்சி. "இது பிழைக்கேல்லை. அக்கா போடுவா."

"நான் உதைப் போட்டுக்கொண்டு எங்கை போறது? சங்கக்கடைக்கோ?"

"என்னோடை நடக்க வா. டொக்டர் என்னை நடக்கச் சொன்னவர்."

மறுநாள் விடிய, றோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் கடற்கரைப் பக்கமாக நடந்தோம். அவள் தன் அகலச் செருப்பில், நான் கடல் நீலச் சப்பாத்தில். சேலைக்குக் கீழே அது தெரியாமல் இருக்கக் குறுகிய அடி வைத்தேன். தங்கச்சிக்கு ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. வேகமாக நடக்க அவளால் முடியாது; மெதுவாக நடப்பது எனக்கும் வசதியாக இருந்தது. வள்ளத்திலிருந்து மீன் இறக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். சங்கக்கடைக்கு வருகிற ஆள்தான்.

"என்ன சங்கக்கடை அக்கா, ஓட்டப்போட்டிக்குப் பேர் குடுத்தாச்சோ?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம், முதலாம் இடம் அவவுக்குத்தான்" என்றாள். அந்தப் பெண் சிரித்து, இரண்டு விளைமீனைப் பையில் போட்டுத் தந்தாள். மிச்ச நாட்கள் எல்லாம் நடந்தோம். அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். எங்கே நிற்பாள், எத்தனை மணிக்குக் கதிரையில் இருக்க விடுவார்கள், கால் எப்போது முதலில் வீங்கியது. முன்பு போனில் இவற்றைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. "சாப்பிட்டாச்சோ, பிள்ளையள் சுகமோ" என்பதோடு எங்கள் பேச்சு நின்றுவிடும்.

சாவகச்சேரிக்குப் போக வான் வந்தபோது அவள் பெட்டிகளில் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும்தான் இருந்தன. நான் கொடுக்க நினைத்தது என் காலில் இருந்தது. வான் சந்தி திரும்பும் வரை நின்றேன். பிறகு ஒழுங்கைக்குள் நடந்து வரும்போது அந்தப் பஞ்சு அடி ஓசையே எழுப்பவில்லை. யாருமில்லாமல் நடப்பது போல இருந்தது.

இப்போது நாற்பதாம் அளவில் ஒரு சோடியைக் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். விலை இரண்டு முறை இறங்கி ஏறிவிட்டது. "எடுத்து வைப்பமே அன்ரி, போனாப் பிறகு கிடைக்காது" என்கிறாள் மருமகள். தங்கச்சி அடுத்து எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் கால் என்னவாகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆகவே மாதம் ஒரு முறை போனில் கேட்கிறேன். "கால் எப்பிடி? நாப்பதுதானோ?" அவள் சலிக்காமல் சொல்கிறாள்.

போன கிழமை அவள் ஒரு கடைக்குள் இருந்து போனில் கூப்பிட்டாள். அங்கே மாரிகால மலிவு. பின்னால் ஒரு பெண் குரல் பிரெஞ்சில் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி ஒரு சாம்பல் நிறச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"வடிவோ?"

"வடிவு."

"உனக்கு இப்ப என்ன அளவு அக்கா?"

நடுத்தரம் என்று சொல்ல வந்தது. கடைசியாக அனுப்பிய இரண்டும் தோளிலிருந்து நழுவின. பக்கங்களைப் பிடித்துத் தைத்துத்தான் போட்டேன். தோய்த்துத் துணி இளகிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நத்தையின் துணி இளகாது.

"பொறு," என்றேன். "அளந்து சொல்லுறன்."

போனை யன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, நாடாவை எடுத்துத் தோளையும் நெஞ்சையும் இடுப்பையும் அளந்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் சட்டையைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னன்தான் எடுக்கோணும்," என்றாள் கடைசியில். "அதுவும் கொஞ்சம் தொளதொளக்கும்."

"ஓம்."

"என்னத்தைச் சமைக்கிறாய் நீ? தனிய எண்டு சும்மா கடைப் பாணைத் தின்னுறியோ? காலமை என்ன சாப்பிட்டனி?"

அவளுக்குப் பின்னால் ஆட்கள் உடுப்புகளைத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் நகரவில்லை. நான் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.